கண்ணில் குறையில்லை

என் சின்னவனுக்கு,

அன்றைக்குக் கண் டாக்டர் அறையில் இருந்தவர்கள்: நான், நீ, உன் பெண்டாட்டி, டாக்டர், ஒரு நர்ஸ். உன் பெரியப்பா நாற்பது வருஷத்துக்கு முன் சொன்ன சொல்லையே மறக்காதவள், இதையா மறப்பேன்?

வானத்தில் ஒரு நட்சத்திரம்கூடத் தெரியவில்லை என்று மூன்று மாதமாகப் புலம்பினேன். "வயசாச்சும்மா, கண்ணு மங்குது" என்று சொட்டு மருந்து வாங்கி வந்து, தினமும் சாயங்காலம் நீயே போட்டுவிட்டாய்.

டாக்டர் என்ன சொன்னார்? "உங்க கண்ணு நல்லாத்தாம்மா இருக்கு. வீட்டுப் பக்கம் புதுசா பெரிய விளக்கு போட்டாங்களா? அந்த வெளிச்சத்துல யாருக்குமே நட்சத்திரம் தெரியாது."

"எங்க மாடியிலயும் தெரியல பாட்டி" என்றாள் நர்ஸ். உன் பெண்டாட்டி உன்னைப் பார்த்தாள். நீ தரையைப் பார்த்தாய்.

எதிர் குடோன் கூரையில் நாற்பது விளக்கை மாட்டிய எலக்ட்ரீஷியன் நீதான். "என் பிள்ளை போட்டது" என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டவள் நான்.

தெரிந்துதான் மறைத்தாயா? ஒரு நாளும் அண்ணாந்து பார்க்காதவனுக்கு எப்படித் தெரியும் என்றும் தோன்றுகிறது. தெரியாதென்றால் தரையை ஏன் பார்த்தாய்? எப்படி யோசித்தாலும் பிடிபடவில்லை. அன்றைக்குப் போனவன், இன்னும் வரவில்லை.

வா. ஒன்றும் கேட்கமாட்டேன். அந்த டாக்டர் வாயை மூடிக்கொண்டிருந்தால், இன்றும் சாயங்காலம் நீ வந்து என் தலையைப் பிடித்து நிமிர்த்தி மருந்து விட்டிருப்பாய். எனக்குக் கண் கெட்டதாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அந்தக் கண் டாக்டரை மட்டும் நான் சாகிறவரை மன்னிக்கமாட்டேன்.

உன் அம்மா