வாலில் ஏறிய எடை

அன்பு குறையாத அண்ணாவுக்கு,

உன் விமானம் மறுபடி பறந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அதை உடைத்தது நான்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நீ போன பிறகு ஒரு வருடம் அது பீரோ மேலேயே கிடந்தது. மாசியில் ஏரி வற்றியதும் எடுத்துக்கொண்டு போனேன். கிளம்புமுன் ரிமோட்டைத் துடைத்தபோது, ஒரு பக்கமாகத் தள்ளியிருந்த சின்னப் பொத்தானை நடுவில் வைத்துவிட்டேன். இடது இறக்கையை நீ எப்போதோ ஒட்டியிருந்தாய். அந்தப் பசையின் கனத்தால் விமானம் இடப்பக்கம் சாயும். அதைச் சரிக்கட்ட நீ வைத்த அளவு அது என்பது, விமானம் இடப்பக்கமாகவே போய்ப் பனைமரத்தில் மோதிய பிறகுதான் புரிந்தது. வால் தனியாக விழுந்தது.

"கொண்டா, நான் பாத்துக்கறேன்" என்றார் அப்பா. நீ இல்லாமல் போனதிலிருந்து அவர் தானாகக் கேட்டு வாங்கிய வேலை இது ஒன்றுதான்.

லாரிக்குப் பாடி கட்டுகிற கை வேறு எப்படிச் செய்யும்? தெர்மோகோல் உடம்பில் இரண்டு பக்கமும் பிளைவுட் பட்டை. மேலே ரெசின், பட்டி, இரண்டு கோட் பெயின்ட். லாரிகளில் பிள்ளைகள் பெயர் எழுதுவதுபோல, பட்டறைப் பெயின்டரைக் கொண்டு வாலில் உன் பெயரை நிழல் வைத்து எழுதவும் வைத்தார்.

"ஏனுங்க மொதலாளி, பர்மிட் எடுத்தாச்சுங்களா?" என்றார் பெயின்டர்.

"இனிப் பனைமரத்துல மோதுனா மரந்தான் சாயோணும்" என்றார் அப்பா. அவர் வேடிக்கை பேசிக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

அதனால்தான் வால் கனத்துவிட்டது என்று என்னால் உடனே சொல்ல முடியவில்லை. விமானம் கிளம்பியதும் மூக்கைத் தூக்கியது, வேகம் இழந்தது, தொப்பென்று விழுந்தது. மூன்று முறையும் அப்படியே. ஒரு கீறல் இல்லை. "பாத்தியா, ஒண்ணும் ஆகல" என்று ஒவ்வொரு முறையும் அப்பா சந்தோஷப்பட்டார். விழுவதற்காகவே செய்த பொருள்போல அது இருந்தது.

அடுத்த ஞாயிறு பட்டறையில், இறக்கைகளுக்கு அடியில் இரண்டு விரல்களை வைத்து அவரையே தூக்கச் சொன்னேன். வால் சரிந்து தொங்கியது.

"முன்னால கொஞ்சம் ஈயம் வெச்சுட்டாப் போகுது."

"மொத்தமும் கனமாயிருமுங்கப்பா. வேகமா ஓட்டோணும், வேகமாவே எறக்கோணும். பின்னாடி இருக்கறத எடுக்கோணுங்க."

"எடுத்தா மறுபடி ஒடையும் சாமி."

"ஒடையுமுங்கப்பா."

அவர் விரல்களை எடுக்கவில்லை. "பேரையுமா?" என்றார்.

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

உப்புத்தாளை அவரே எடுத்தார். ஒரு பக்கப் பட்டை போனது, பட்டி போனது, பெயின்ட் போனது. உன் பெயரைக் கடைசியாகத்தான் தேய்த்தார். முடிந்ததும் தூளை ஊதிவிட்டு, மறுபடி விரல்களில் நிறுத்திப் பார்த்தார். நேராக நின்றது.

அன்று மாலையே பறக்கவிட்டோம். பொத்தானை நீ வைத்திருந்த இடத்துக்கே தள்ளிப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி வேறோர் இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. ஒட்டிய பிறகு அது பழைய விமானம் இல்லை போலும். ஆனாலும் பறக்கிறது.

"தாழவே ஓட்டு சாமி" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். அன்றைக்குத் தாழவே ஓட்டினேன்.

வரும் ஞாயிறு கொஞ்சம் மேலே ஏற்றுவேன், அதற்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். அப்பா பக்கத்தில் நிற்பார். என்றாவது உடையும். அன்றைக்கு வேண்டிய அளவு பசை மட்டும் வைத்து ஒட்டுவோம். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன்னோடு பிறந்தவள்