முதல் மணிக்கு வராத பிள்ளைகளின் சோறு

என் பாசமுள்ள மதினி,

உங்களுக்கு மாலை போட வந்தார்கள். நீங்கள் உயிரோடு இருந்தவரை மெமோ மேல் மெமோ கொடுத்த அதே யூனியன் ஆபீஸ் அதிகாரிதான், நம் பள்ளிக்கூடத்தில் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று, "தாயுள்ளம் கொண்ட சத்துணவு அமைப்பாளர்" என்று பேசினார்.

மெமோ எதற்குக் கொடுத்தார் என்பது அவருக்கு மறந்தா போகும்? பள்ளிக்கு வருகிற பிள்ளைக்கெல்லாம் சோறு என்றுதான் சென்னையில் உத்தரவு போட்டார்கள். அது நம் ஊருக்கு வந்து சேருவதற்குள், முதல் மணிக்கு வரிசையில் நிற்கிற தலைகளுக்கு மட்டும் அரிசி என்று ஆகிவிட்டது. பனையேறி வீட்டுப் பிள்ளைகள் அந்த நேரத்தில் எங்கே நிற்கும்? அப்பன் இறக்கிய பதநீரைப் புளிப்பதற்குள் ஆத்தாள் கருப்பட்டி காய்ச்சும் அடுப்புக்குச் சுமந்து கொடுத்துவிட்டு, தேரி மணலில் ஓடி வருவதற்குள் இரண்டாம் பாடம் தொடங்கிவிடும். உடன்குடிப் பக்கம் இது ஆடு மாட்டுக்குக்கூடத் தெரியும்.

"அப்படின்னா சூரியனை இன்னும் முந்தி உதிக்கச் சொல்லுங்க சார். பிள்ளைகளை முதல் மணிக்கே கொண்டாந்து நிறுத்துதேன்" என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னீர்களே. சொல்லிவிட்டு அந்தப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே உலை வைத்தீர்கள்.

அஞ்சலிக் கூட்டம் முடிந்து சாப்பாட்டு நேரம். காலையில் பிந்தி வந்த ஐந்தாம் வகுப்புப் பொன்னுத்தாய் தட்டை நீட்டினாள். அதிகாரி குறுக்கே கையை நீட்டினார். "எண்ணிக்கையில இல்லாத பிள்ளைக்குப் போட்டா ஆடிட்டுக்கு யார் பதில் சொல்லுதது?" என்றார். உங்கள் படத்து மாலை வாடக்கூட இல்லை, மதினி. என் சாப்பாட்டைக் கொடுத்தேன். அவள் வாங்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் அவள் ஆத்தாளைப் பார்க்கப் போனேன். "சோறும் இல்லன்னா அங்கன அவளுக்கு என்ன சோலி சார்? இங்கன அடுப்புக்கு ஓலையாவது தள்ளுவா" என்றாள். அவளிடம் நான் எந்த உத்தரவைக் காட்ட?

"நாளைக்கு அனுப்பும்மா, சோறு உண்டு" என்று மட்டும் சொன்னேன். என்ன தைரியத்தில் சொன்னேனோ. இவ்வளவு சீக்கிரம் போக அப்படி என்ன அவசரம் என்று வழியெல்லாம் உங்களைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது. முதல் மணிக்குத் தலையை எண்ணு என்பதுதானே அந்த அதிகாரியின் உத்தரவு? தலைமையாசிரியன் நான். மணியை அடிக்கச் சொல்வதும் நான்தானே?

சொல்கிறேன், கேளுங்கள். இந்தப் பதநீர்க் காலம் முடிகிறவரை, பொன்னுத்தாய் வாசலில் கால் வைத்த பிறகுதான் நம் பள்ளியில் முதல் மணி அடிக்கும். மெமோ வரட்டும். உங்கள் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டி வைக்கிறேன்.

உங்கள் குழம்பில் உப்பு இல்லை என்று தினமும் சண்டை போட்ட,
உங்கள் கொழுந்தன்.