தாமதமாக வெடித்த தோட்டா

பிப்ரவரி 4, செவ்வாய்
தோட்டாவை அடிக்கும் ஊசிக்கு வெளிக்கடையிலிருந்து வரவழைத்த ஸ்பிரிங் வந்துவிட்டது. என் ரைஃபிளில் இருந்த பழையதைக் கழற்றிவிட்டு அண்ணன் லோகேஷ் புதிதைப் போட்டான். படகு இஞ்சின் மெக்கானிக்கின் கை சும்மா இருக்குமா? தோட்டாவைத் தள்ளும் போல்ட்டுக்குள் படகு கிரீஸையும் அப்பினான். "ஏரிக்காத்து உப்பும்மா. இது இல்லன்னா பத்தே நாள்ல துரு புடிச்சிக்கும்." பழவேற்காட்டில் அரிவாளுக்கே எண்ணெய் தடவித்தான் வைப்போம். நல்லா வழுக்குது என்று நானும் சிரித்தேன். 16ஆம் தேதி மாவட்டத் துப்பாக்கி சுடும் போட்டி.

பிப்ரவரி 8, சனி
ரேஞ்சில் பதினோராவது தோட்டா. விசையை அழுத்தினேன் — டிக். அவ்வளவுதான். இஞ்சின் கிளம்பாவிட்டால் உடனே மூடியைத் திறந்து குனிந்து பார்க்கிற குடும்பம் எங்களுடையது. கை தானாக போல்ட்டுக்குப் போய்விட்டது.
"தொடாத! குழாய் இலக்கைப் பாத்தே இருக்கட்டும்!" கோச் தருமலிங்கம் சார்தான் கத்தினார். கையை எடுத்தேன். ஒன்று, இரண்டு — டமால்! தானாக வெடித்தது. திறந்திருந்தால்?
"சுடலைன்னா ஒரு நிமிஷம் அப்படியே புடிச்சிக்கினு இருக்கணும். அப்புறம் முகத்த ஒதுக்கிட்டுத் தொற. எதாவது மாத்துனியா?"
"இல்ல சார்."
ஏன் அப்படிச் சொன்னேன்? சொன்னால் போட்டிக்கு விடமாட்டார். அதான். தோட்டாதான் பழசு என்று சார் அந்தத் தோட்டாப் பெட்டியை ஒதுக்கி வைத்துவிட்டார்.

பிப்ரவரி 9, ஞாயிறு
அண்ணன் மேல் பாய்ந்தேன். "உன்ன யாரு கிரீஸ் போடச் சொன்னது? ஊசி மெதுவா அடிக்குது, தோட்டா லேட்டா வெடிக்குது!"
"நீதான நல்லா வழுக்குதுன்னு சிரிச்ச?"

பிப்ரவரி 10, திங்கள்
அர்ச்சனா போன் செய்தாள். ஆரம்பாக்கத்துப் பெண், போன வருஷம்தான் எங்கள் கிளப்பில் சேர்ந்தாள். "அக்கா, கிளப் ரைஃபிள் ரிப்பேரு. நாளைக்கு உன்னுது குடுக்கா. சார் சரின்னுட்டாரு."
எடுத்துக்கோ என்று சொல்லிவிட்டேன். என்ன வாய் இது! அவள் என்னைவிட அவசரக்காரி. சுடாவிட்டால் அந்த நொடியே திறந்து பார்ப்பாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்
அர்ச்சனா கையுறை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். நான் துப்பாக்கிப் பெட்டியைத் திறக்காமல் சார் முன்னால் வைத்தேன். ஸ்பிரிங், கிரீஸ், பொய் — எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "ஞாயித்துக்கெழம நீ வேணாம் ஜமுனா" என்றார். ரைஃபிள் துப்பாக்கி ரிப்பேர்காரரிடம் போகிறது. வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் பொன்னேரி வரும்வரை அழுதேன். போட்டிக்காகவா, வெட்கத்தாலா? இரண்டும்தான்.

பிப்ரவரி 13, வியாழன்
அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். "போ, போய் சாப்புடு" என்றான்.

பிப்ரவரி 16, ஞாயிறு
போட்டி நாள். நான் வீட்டில் இறால் உரித்தேன். மூன்று மணிக்கு வீடியோ கால். சார் போனைப் பிடித்திருந்தார். அவர் வேறு கிளப்பில் கேட்டு வாங்கித் தந்த ரைஃபிளில் அர்ச்சனா சுட்டிருக்கிறாள். "ஏழாவது எடம்க்கா!" என்று ஏழு விரலை விரித்துக் காட்டினாள்.
மடக்கியிருந்த மூன்றையும் சேர்த்து எண்ணினேன். பத்து விரலும் முழுசாக இருந்தன.