முள் இறங்கிய வளைவு

அத்தா,

இன்று மலையடிவாரத்தில் முந்தல் தாண்டியதும் ஒரு ஜீப்பு பானெட்டைத் திறந்துபோட்டு ஓரமாக நின்றிருந்தது. எங்கள் பஸ்சு அதைக் கடந்தபோது துருவேறிய தண்ணீர் கொதித்த வாசம் ஜன்னல் வழியாக வந்தது. துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினேன். பக்கத்து சீட்டிலிருந்த யாரோ ஒரு பெரியம்மா எனக்குக் குமட்டுகிறது என்று நினைத்து எலுமிச்சம்பழத்தை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு எங்கே வரும்?

நீங்கள் ஓட்ட, நம் ஜீப்பு மலையேறிய காலைகள் நினைவுக்கு வந்தன. ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பழம் எடுக்கப் போகிற பெண்கள் பத்துப் பேர் பின்னால். எஸ்டேட் ஆபீசில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த நான் முன்சீட்டில், உங்கள் பக்கத்தில். ஒருநாள் நாலாவது வளைவில் சூடு காட்டும் மீட்டரின் முள் சிவப்புக்குப் போனது. "அத்தா, நிறுத்துங்க" என்று கத்திவிட்டேன். எல்லோரும் இறங்கி நின்றார்கள். நீங்கள் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தீர்கள். எப்போதும் இருக்கிற சூடுதான். தாமதமாகப் போனதற்குப் பெண்கள் கங்காணியிடம் ஏச்சு வாங்கினார்கள்.

"படிச்ச புள்ள கூட வந்தா நடந்தே போயிரலாம் போல" என்றாள் அவர்களில் ஒருத்தியான பேச்சியக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும்தான்.

அந்த ஞாயிறு நாம் கோளாறைத் தேடினோம். இஞ்சினில் சூட்டை உணரும் பித்தளைத் திருகைக் கழற்றி, நீள ஒயரில் மாட்டி, அம்மா வைத்துக் கொடுத்த கொதிதண்ணீரில் விட்டோம். முள் ஒழுங்காக ஏறியது. வெளியே தூக்கிப் பிடித்தேன், மெல்ல இறங்கியது. "திருகு நல்லாத்தாம்மா இருக்கு" என்றீர்கள். கடைசியில் மீட்டருக்குப் பின்னால் எர்த் ஒயர் தளர்ந்து கிடந்ததைக் கண்டு இறுக்கினோம். தண்ணீரை விட்டு வெளியே வந்தால் திருகுக்கு எதுவும் தெரியாது என்பதை நான் கண்ணால் பார்த்திருந்தேன். பார்த்ததோடு சரி.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, மூடுபனி ரோட்டை அடைத்துக் கிடந்தது. பத்தாவது வளைவைத் தாண்டியதும் முள் இறங்கத் தொடங்கியது.

"ஏ காலேஜுப் புள்ள, இன்னைக்கும் எறங்கி நிக்கணுமா?" பின்னாலிருந்து பேச்சியக்கா கேட்டாள்.

"இல்லக்கா. முள்ளு கொறையுது."

"பனிக்குள்ள வந்துட்டோம்ல. இஞ்சினுக்கும் குளுரும்ல."

அது எல்லோருக்கும் நியாயமாகத்தான் பட்டது. மேலே போகப் போக நமக்கே குளிர்கிறது, வண்டிக்குக் குளிராதா? ஆனால் என் செருப்புக்குக் கீழே தகரம் சுட்டது. காலை மடக்கிக்கொண்டேன். அடுத்த வளைவில் அதுவும் தாங்காமல் சீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டேன். இன்னொரு முறை கத்தி, இன்னொரு முறை அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

வண்டி இழுக்காமல் நின்றுவிட்டது. நீங்கள் இறங்கி பானெட்டைத் தூக்கினீர்கள். அதற்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"சாவியப் போட்டுப் பாரும்மா. முள்ளு எங்க நிக்குது?"

"அடியில அத்தா."

"அப்பச் சரி. வெரசா தண்ணிக் கேனக் கொண்டா."

கேனை எடுக்கக் குனிந்தேன். நீங்கள் ரேடியேட்டர் மூடியைத் திருகிய சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வந்த சத்தம்தான் கேட்டது. பனி எது, ஆவி எது என்று தெரியவில்லை.

அடிக்குழாயில் கீறல் விட்டுத் தண்ணீர் வழியெல்லாம் ஒழுகியிருக்கிறது என்று மெக்கானிக் பிறகு சொன்னார். மிச்சத் தண்ணீர் அடியில் கொதித்துக்கொண்டிருக்க, திருகு அதற்கு எட்டாமல் மேலே தொங்கியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் இருந்தீர்கள். முகத்துக் கட்டுக்குள்ளிருந்து பேசியது கொஞ்சம்தான். ஒரு சாயங்காலம் என்னை மட்டும் பக்கத்தில் கூப்பிட்டீர்கள். "ஒம்மேல தப்பில்லம்மா. முள்ளு சொன்னதத்தான நீ சொன்ன."

அம்மா அந்த மீட்டரைப் பிடுங்கிக் கொட்டக்குடி ஆற்றில் எறிந்துவிட்டாள். பாழாப்போன மீட்டர்தான் ஆளைக் கொன்றது என்று இன்றும் வருகிறவர்களிடம் சொல்கிறாள். நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். கால் சுட்டதை யாரிடமும் சொன்னதில்லை. அன்று தப்பில்லை என்று நீங்கள் சொன்னபோதும் நான் தலையைத்தான் ஆட்டினேன், அத்தா.