கையால் தைத்தது என்ற லேபிள்

பாசமுள்ள மைனிக்கு,

எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கை என்றுதான் கூப்பிடுவோம். தூத்துக்குடியிலிருந்து வந்த நீங்கள் மைனி என்றால்தான் திரும்பிப் பார்ப்பீர்கள். இனி எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பப் போவதில்லை, ஆனாலும் வாய்க்குப் பழகிவிட்டது. நீங்கள் போய் ஆறு மாதம் ஆகிறது. அழுதுகொண்டே எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் கோபமாக இருக்கிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போனபின் வந்த முதல் ஆர்டர், நூற்றிருபது கித்தான் பை. உங்கள் அப்பா தோணிப் பாய்க்குப் போட்ட தையலைத் தோள்பைக்குக் கொண்டுவந்தது உங்கள் யோசனை. கடலே இல்லாத திருப்பூரில் இதை யார் வாங்குவார்கள் என்று சிரித்தவள் நான். நீங்கள் பழக்கிவிட்ட நாலு பெண்களும் இங்கே ராயபுரத்தில் நம் யூனிட்டில் உட்கார்ந்து, உள்ளங்கையில் ஊசி தள்ளும் தோல் பட்டை மாட்டி, மெழுகு தேய்த்த நூலில் கைப்பிடிகளைத் தைத்து முடித்தார்கள். முடிச்சு மட்டும் கிடையாது. முடிச்சு போட்டால் பாயைக் காற்று இழுக்கும்போது அந்த இடத்தில்தான் முதலில் கிழியும் என்பீர்கள். நூலைத் தையலுக்கு அடியிலேயே திருப்பி நுழைத்து, இரண்டு விரல் நீளம் வெளியே விடுவீர்கள். இழுக்க இழுக்க அது உள்ளே போய் இறுகிக்கொள்ளும்.

நான் பனியன் கம்பெனியில் பதினெட்டு வருடம் செக்கிங்கில் இருந்தவள். பிசிறைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. நீங்கள் இருந்தவரை பைகளை என் பக்கம் விட்டதே இல்லை. ஒரு வார்த்தை காரணம் சொல்லியிருக்கக் கூடாதா? இந்த முறை நானே உட்கார்ந்து, நூற்றிருபது பையிலும் தொங்கிய நூலை ஒட்ட வெட்டினேன். தைத்தவர்களில் ஒருத்தி, “அக்கா, அது...” என்று இழுத்தாள். செக்கிங்கில் எனக்கே பாடமா என்று அடக்கிவிட்டேன். பைகளை அடுக்கிவைத்துவிட்டு, நீங்கள் பார்த்தால் மெச்சுவீர்கள் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

ஆர்டர் கொடுத்த ஏற்றுமதிக் கம்பெனியின் மெர்ச்சண்டைசர் சரக்கைப் பார்க்க வந்து ஒரு பையைப் பிடித்து இழுத்தார். கைப்பிடி அவர் கையோடு வந்துவிட்டது. அடுத்ததும் அப்படியே. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தன்மையாகப் பேசினார்.

“ஏனுங்க அக்கா, மெஷின்ல ஒரு அடி அடிச்சு உட்ருங்க. லேபிள் அப்படியே இருக்கட்டும். வாங்கறவங்க என்ன தையலைப் பிரிச்சா பார்க்கப் போறாங்க?”

லேபிளில் இருப்பது உங்களுக்குத் தெரியும். ‘தோணிப் பாய்த் தையல், கையால் தைத்தது.’ நீங்களே அளந்து எழுதிய வார்த்தைகள்.

அண்ணனும் அங்கேதான் நின்றார். என் பக்கம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். மெஷினிலேயே அடித்துவிடலாம் என்றார். நீங்கள் போனதிலிருந்து உங்கள் ஊசி டப்பா அவர் கண்ணில் படக்கூடாது, பட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். அது தெரிந்தும் கேட்டுவிட்டேன்.

“மைனியோட சேத்தி அந்தத் தையலையும் பொதைச்சுட்டு வந்துட்டீங்களாண்ணா?”

கேட்டிருக்கக் கூடாதுதான். அண்ணன் அன்று சாப்பிடவில்லை. ஆனால் கேட்டதற்கு நான் இன்றுவரை வருந்தவும் இல்லை மைனி.

லேபிளைப் பிய்த்துவிட்டு வேண்டுமானால் மெஷினில் அடிக்கிறேன், லேபிள் வேண்டுமென்றால் அத்தனையும் பிரித்துக் கையால்தான் தைப்பேன், நாள் கொடுங்கள் என்று மெர்ச்சண்டைசரிடம் சொன்னேன். இரண்டும் சரிப்படாது என்று ஆர்டரை ரத்து செய்துவிட்டுப் போனார். இப்போது வேறொரு யூனிட்டில் மெஷினில் அடித்து, அதே வாசகத்தை வைத்துக் கப்பலேற்றுகிறார்கள். பிழைக்கத் தெரியாதவள் என்று டீக்கடை வரை என் பேச்சுதான். பேசட்டும். கை செய்யாததைக் கை செய்தது என்று எழுதிப் பிழைக்க எனக்குத் தெரியவேண்டாம்.

மறுநாள் காலை யூனிட்டுக்குப் போனால், அண்ணன் தரையில் உட்கார்ந்து கைப்பிடிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உங்கள் ஊசி டப்பா திறந்திருந்தது. உங்கள் தோல் பட்டை அவர் கைக்குப் பற்றவில்லை. ஓரத்தைக் கத்தரித்து, பனியன் துணியால் இழுத்துக் கட்டியிருந்தார். அவராகத்தான் பேசினார்.

“பத்து வருசம் அவ பக்கத்துல உக்காந்து நூலுக்கு மெழுகு தேச்சிருக்கறேன் கண்ணு. தைச்சதில்லையே ஒழிய, பார்க்காத தையல் ஒண்ணு கெடையாது.”

அவர் தைத்த முதல் கைப்பிடி கோணல்மாணல். “என்னட்டி இது, நண்டு நடந்த மாதிரி” என்று நீங்கள் சிரித்திருப்பீர்கள். நான் பையை மிதித்துக்கொண்டு இரண்டு கையாலும் பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். வரவில்லை. அன்றைக்குத்தான் அழுதேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நூற்றிருபதும் இப்போது தயார். கோயம்புத்தூர் கண்காட்சியில் ஒரு மேசை பிடித்திருக்கிறோம். வருகிறவர்கள் யார் வேண்டுமானாலும் கைப்பிடியை இழுத்துப் பார்க்கலாம் என்று எழுதி வைக்கப் போகிறேன்.

ஒரு விஷயத்தில் உங்களிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். பைக்கு உங்கள் பெயரை வை, லேபிளில் உங்கள் படத்தைப் போடு என்று சொந்தபந்தம் எல்லாம் சொல்கிறது. அண்ணனுக்கும் அந்த ஆசை உண்டு. நான் மாட்டேன் என்றுவிட்டேன். இந்த நூற்றிருபதில் நீங்கள் தைத்தது ஒன்றுகூட இல்லையே மைனி. உங்கள் கை படாத பையில் உங்கள் பெயரைத் தைத்தால், அந்த மெர்ச்சண்டைசருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? தைத்தவர் யாரோ அவர் பெயர்தான் லேபிளில் இருக்கும். அந்தக் கோணல் பையில் அண்ணன் பெயர் இருக்கிறது.

நான் இருக்கும்வரை உங்கள் பெயரைச் சொல்லி ஒரு பொய்கூட இந்த யூனிட்டை விட்டு வெளியே போகாது. இது சத்தியம்.

உங்களோடு சண்டை போட இன்னும் தெம்புள்ள நாத்தனார்,
சரசு