மஞ்சள் போன வழி

4 ஜனவரி 1954
என் மனைவி கோவிந்தம்மாவுக்கு இன்று கோவிலில் காப்புக் கட்டினார்கள். எங்கள் சின்ன மகள் காய்ச்சலிலிருந்து பிழைத்ததற்கு நேர்ந்துகொண்டது. இந்த வருஷம் பூக்குழி இறங்குகிறாள். அவளுக்கு நெஞ்சழுத்தம் அதிகம். எனக்கு அடுப்புச் சூடே போதும், அதுவும் தள்ளி நின்று.

7 ஜனவரி
மழை விட்டதும் பூக்குழி வெட்டினார்கள். கூட்டம் அதிகம் என்று இம்முறை ஆழமாகவே. கடப்பாரை 'ணங்'கென்றது. கற்பலகையைப் புரட்டினால், கீழே வளைவு வைத்துக் கட்டிய சுரங்கம்! "பழைய கோவில்!" என்று யாரோ கத்த, கற்பூரமும் ஏற்றிவிட்டார்கள். நான் பொதுப்பணி அலுவலகத்தில் படம் வரைகிறவன். பார்த்ததுமே தெரிந்தது — பிரெஞ்சுக்காரர் இந்தத் தீவை ஆண்ட காலத்துச் சாக்கடை. சும்மா இருந்திருக்கலாம். சொல்லித் தொலைத்தேன்.

8 ஜனவரி
கோவில் தலைவர் வீரசாமி ஐயா நிறுத்திவிட்டார். "சாக்கடை மேலயா தீ மிதிக்கிறது? தீட்டு! இந்த வருஷம் வேணாம்." கொடி ஏறிய இடத்தை மாற்றவும் கூடாதாம். கோவிந்தம்மா காப்புக் கையைப் பார்த்துப் பார்த்து அழுகிறாள்.
"நெருப்புக்கு ஏதுங்க தீட்டு?"
எல்லாம் என் வாயால் வந்த வினை.

9 ஜனவரி
எங்கள் இன்ஜினியர் மிசியே எட்மோனிடம் சொன்னேன். சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்து, வெள்ளைக் காற்சட்டையோடு உள்ளே தவழ்ந்தார். "போந்த்யே, கடவுளே! ஒரு கல்லும் அசையல! மறுமுனை அடைக்காம இருந்தா இன்னும் தண்ணி ஓடும்."

பளிச்சென்று தோன்றியது. வருஷா வருஷம் பூக்குழியில் மழைத்தண்ணீர் நிற்கும், நாங்கள் வாளி வாளியாக இறைப்போம். அதற்கு வழி இதோ!

வீரசாமி ஐயாவிடம் கேட்டேன்: "மஞ்சத்தண்ணி ஓடின இடம் சுத்தந்தானே ஐயா?"
யோசித்தார். "ஓடட்டும். அந்தப் பக்கம் மஞ்சளா வந்தா பார்ப்போம்."
"வந்தா அடுத்த வருஷம் நானே இறங்குறேன்!" என்றேன்.
ஊரே கேட்டது. தவளை தன் வாயால் கெடும்.

10 ஜனவரி
அண்டா அண்டாவாக மஞ்சள் நீர் ஊற்றினோம். சாக்கடையின் மறுமுனை திறக்கும் ஓடைக்கரையில் மிசியே எட்மோன் காவல். சத்தமே இல்லை. கோவிந்தம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏன் வரவில்லை? அடைத்துக்கொண்டதா?

"ஜோன்! ஜோன்!"

மஞ்சள், மஞ்சள் என்று கிரியோலில் கத்திக்கொண்டே மனிதர் மேடேறி ஓடி வருகிறார், சப்பாத்தெல்லாம் மஞ்சள்! வீரசாமி ஐயா சாக்கடை வாயிலேயே தேங்காய் உடைத்தார். சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

14 ஜனவரி
மழை. மழை.

15 ஜனவரி
விடியும்வரை கொட்டியது. போய்ப் பார்த்தால் குழியில் சொட்டுத் தண்ணீர் இல்லை! சாக்கடைக்குத் திறந்துவைத்த மூலை வழியே எல்லாம் இறங்கிவிட்டது. மூலையை மூடி, மண்ணைக் கிளறி உலரவிட்டு, விறகு அடுக்கினோம்.

மாலையில் கோவிந்தம்மா நடந்தாள். வேப்பிலையும் கையுமாய், சந்தைக்குப் போகிறவள் போல. அக்கரையில் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் மிசியே எட்மோனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புகை" என்றார்.
"ஆமாம், புகை" என்றேன்.

3 ஜனவரி 1955
எழுத்து கோணலாக வருகிறது. வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. வீரசாமி ஐயா நன்றாக இறுக்கிக் கட்டியிருக்கிறார். கோவிந்தம்மா முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.