ஆறாம் நாள் தண்ணீர்

யெஸெரினா
3 செப்டம்பர் 2012, திங்கள், காலை 6.40
ஏரியின் நீர்மட்டம்: 0 செ.மீ. உன் நாவலில் என் வரிகள்: 41.

உர்பான்,

இரண்டு முறை எண்ணிவிட்டுத்தான் எழுதுகிறேன். போன் செய்தால் இனிக்க இனிக்கப் பேசி மழுப்பிவிடுவாய். அதனால் தாளில்.

ஆறு வருடமாக நீர்வளத் துறைக்காக இந்த ஏரியைத் தினமும் அளக்கிறேன். அளவுக்குப் பக்கத்தில், யாருக்கும் சொல்லாமல், ஏரிக்கடியில் வாழும் மனிதர்களைப் பற்றி ஒன்றிரண்டு வரி எழுதிவந்தேன். கோடையில் ஏரி வற்றும்போது குழிகள் வழியாகக் கீழே இறங்கிவிடுவார்கள். இலையுதிர் மழையில் தண்ணீரோடு ஏறி வருவார்கள். அந்த நோட்டை நான் காட்டிய ஒரே ஆள் நீ. "ரெண்டு நாள்ல தர்றேன்டா" என்றாய். பத்து நாள் வைத்திருந்தாய்.

பழைய பள்ளிக்கூடத்தில் இரண்டு குளிர்காலம் உன்னை வாடகையில்லாமல் வைத்திருந்தோம். லோய்ஸே விறகு பிளந்து போட்டார். மில்கா அக்கா தினமும் சூப் கொடுத்தனுப்பினார். ஊர் கேட்டது இரண்டே விஷயம். வெள்ளிக்கிழமை தீயணைப்புக் கூடத்தில் எழுதியதை வாசிக்க வேண்டும். கிளம்பும்போது, யாரிடமிருந்து எதை எடுத்தாய் என்று பள்ளிக்கூடக் கதவின் உட்புறம் பென்சிலால் எழுத வேண்டும். உனக்கு முன்னால் தங்கிய நான்கு எழுத்தாளர்களும் எழுதியிருக்கிறார்கள். "லோய்ஸே: மணிக்கூண்டை விட்டு இறங்க மறுக்கும் பேய்." "மில்கா: செவ்வாய்க் கிரகத்தில் முட்டைக்கோஸ் புளிக்குமா என்ற கேள்வி." இப்படி. நீ மட்டும், "புத்தகம் வரட்டும், வந்து எழுதுறேன்" என்றாய்.

புத்தகம் மே மாதமே வந்துவிட்டது. கதவில் உன் இடம் காலி.

வந்து எழுது.

யெர்னெய்


லுப்லியானா
11 செப்டம்பர் 2012

அன்பு யெர்னெய்,

உன் கோபத்திலும் ஒரு துல்லியம் இருக்கிறது, அதை ரசித்தேன். மில்கா அக்காவின் சூப்பை நினைக்காத நாளில்லை என்று அவரிடம் சொல்.

நண்பா, நீ எண்ணியது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த வரிகள் உன்னுடையவையா? அந்த ஏரியுடையவை. பாதி வருடம் காணாமல் போகும் ஏரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நீ குறித்து வைத்தாய், நான் நாவலாக்கினேன். கதவு விஷயம் எனக்கு மறக்கவில்லை. நேரம்தான் இல்லை.

நேரில் வர ஒரு வழி இருக்கிறது. இரண்டாம் பாகத்தின் முதல் அத்தியாயத்தை வற்றிய ஏரியின் நடுவில் வாசிக்கப் பதிப்பகம் ஆசைப்படுகிறது. நூற்றிருபது நாற்காலி, டிவிக்காரர்கள், அமைச்சர்கூட வரலாம். அக்டோபர் 6 அல்லது 20. எந்த நாளில் தரை காய்ந்திருக்கும், மேடையை எங்கே போடலாம்? உன்னைவிட்டால் யாரைக் கேட்பேன்?

மாறாத அன்புடன்,
உர்பான்


யெஸெரினா
1 அக்டோபர் 2012, திங்கள், காலை 7.05
நீர்மட்டம்: 0 செ.மீ.

உர்பான்,

அக்டோபர் 6, மாலை 4 மணி. மேடையைக் கிழவன் வாய்க்குப் பக்கத்தில் போடு. இருக்கிற குழிகளிலேயே அதுதான் பெரியது, படம் நன்றாக வரும். இன்று தரை காய்ந்து வெடித்துக் கிடக்கிறது.

கதவுக்குப் பென்சில் நான் தருகிறேன்.

யெர்னெய்


லுப்லியானா
9 அக்டோபர் 2012

என் அருமை யெர்னெய்!

நீ மேதையடா! நான் மூன்றாவது பக்கம் வாசிக்கும்போது கிழவன் வாயிலிருந்து அந்தக் களகள சத்தம். முன்வரிசை அம்மா ஒருத்தர், "ஐயோ, என் செருப்பு!" என்று காலைத் தூக்கினார். உண்மையைச் சொல்கிறேன். ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் பின்னால் யாரோ கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஏற்பாடு என்று நினைத்துவிட்டார்கள்! பாதம் மூழ்கும் தண்ணீரில் நின்று கடைசி வரி வரை வாசித்தேன். எல்லாப் பத்திரிகையிலும் அந்தப் படம்தான்.

தெரிந்துதானே அந்த நாளைச் சொன்னாய்? கள்ளப்பயலே! மூன்றாம் பாகத்துக்கு நீ என்னோடு இரு. நோட்டையும் எடுத்துக்கொண்டு வா.

கதவை அன்று பார்க்க முடியவில்லை, வண்டி காத்திருந்தது.

உன்
உர்பான்


யெஸெரினா
14 அக்டோபர் 2012, ஞாயிறு, காலை 6.40
நீர்மட்டம்: 63 செ.மீ. உனக்குக் கைதட்டியவர்கள்: 120.

உர்பான்,

ஆமாம், தெரிந்துதான் சொன்னேன். செப்டம்பர் 30 அன்று மலையில் 84 மி.மீ. மழை. மலையில் பெய்தது குகைகள் வழியாக ஆறாம் நாள் மாலை கிழவன் வாயில் எட்டிப் பார்க்கும். ஆறு வருட அளவு சொல்கிறது. முதலில் மணிக்கு நான்கு சென்டிமீட்டர், போகப்போக இன்னும் மெதுவாகத்தான் ஏறும், யாரும் மூழ்க மாட்டார்கள். ஆனாலும் தீயணைப்புப் படகை நாணலுக்குள் நிறுத்திவைத்து நானும் லோய்ஸேவும் உட்கார்ந்திருந்தோம். நீ அலறிக்கொண்டு ஓட வேண்டும், டிவியில் ஊரே அதைப் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

உன் நாவலின் 112ஆம் பக்கத்தை எடு. "மலையில் விழுந்த மழை ஆறாம் நாள் மாலை எங்கள் கதவைத் தட்டும்" என்று கீழே இருப்பவர்கள் பேசிக்கொள்கிறார்கள். அது என் வரி. அதைக் கற்பனை என்று நினைத்துத் திருடினாய். அது அளவு, முட்டாளே. மலையில் மழை பெய்த செய்தி லுப்லியானா பத்திரிகையிலும் வந்தது. திருடியதை ஒருமுறை புரிந்து படித்திருந்தால் நீ அங்கே மேடை போட்டிருக்கவே மாட்டாய்.

கைதட்டல் கேட்டதும் லோய்ஸே படகில் என் பக்கம் திரும்பினார். "தண்ணிய விட்டு அவன இன்னும் பெரிய ஆளாக்கிட்டியேடா. நல்லா பழிவாங்குன போ." மூன்று நாள் அளவெடுக்க மட்டும் வெளியே வந்தேன். நான்காம் நாள் மில்கா அக்கா வந்து பள்ளிக்கூடச் சாவியை மேஜைமேல் வீசினார்.

"குளிர்காலம் முடியற வரைக்கும் வீடு உனக்கு. வெள்ளிக்கிழமை வாசிக்கணும். உள்ளூர்க்காரன்னு சலுகை கெடையாது."

"நான் எழுத்தாளன் இல்லக்கா."

"அவனும் இல்லைன்னுதானே நாப்பத்தியோரு வரி எண்ணிக்கிட்டு உக்காந்திருக்க?"

சாவியை எடுத்துக்கொண்டேன். இனி நான் செய்யப்போவது:

1. இன்று மாலை அடுப்பின் புகைக்குழாயைச் சுத்தம் செய்வேன். நீ விட்டுப்போன கரி இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறது.

2. வெள்ளிக்கிழமை, நோட்டின் முதல் வருடத்தைத் தேதியோடும் அளவோடும் கூடத்தில் வாசிப்பேன். உன் புத்தகத்துக்குப் போன ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி, பக்க எண்ணைச் சொல்வேன். லுப்லியானா பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

3. பனி உருகுவதற்குள் நாவலை முடிப்பேன். அதில் மேலேயிருந்து ஒருவன் ஏரிக்கடிக்கு வருகிறான். சூப் குடிக்கிறான், தீக்காய்கிறான், எல்லோருடைய பெயர்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு மேலே போகிறான். ஆறாம் நாள் என்ன ஆகும் என்று மட்டும் அவனுக்குத் தெரியாது.

4. உன் கடிதம் எதற்கும் இனி பதில் எழுத மாட்டேன்.

5. சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில், உனக்கென்று காலியாக விட்டிருக்கும் இடத்தில், ஊர் வழக்கப்படி நான் எடுத்ததை மறைக்காமல் எழுதுவேன்: "உர்பான்: ஒரு திருடன்."